வாசனை எண்ணெயில் களைக்கொல்லிச் சேர்மம்: தட்டில் கிடைத்த முடிவை எவ்வளவு நம்பலாம்?

முளைவேர்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு நறுமணச் செடியின் இலையிலிருந்து எண்ணெய் வடித்து, அது களை விதைகளின் முளைப்பைத் தடுக்கிறதா என்று பார்த்துவருகிறேன். இலையை நீரோடு கொதிக்கவைத்து எண்ணெயைப் பிரிக்கும் கிளெவெஞ்சர் கருவியில் மூன்று மணி நேரம் வடித்தேன். பெட்ரித் தட்டில் வடிதாள் விரித்து, தட்டுக்கு 25 விதைகள் இட்டேன். எண்ணெய் நான்கு அளவுகளில். அளவுக்கு நான்கு தட்டுகள். எல்லாவற்றையும் ஒரே முளைப்புப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஏழாம் நாள் திறந்து பார்த்தால், மேல் மூன்று அளவுகளிலும் ஒரு விதைகூட முளைக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. எண்ணெயில் என்னென்ன சேர்மங்கள் என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் அறிக்கையும் வந்துவிட்டது. மொத்தம் 43 சேர்மங்கள். முதலிடத்தில் 1,8-சினியோல், கிட்டத்தட்ட பாதி. "இந்த எண்ணெயின் களைக்கொல்லிச் சேர்மம் 1,8-சினியோல்" என்று எழுதிவிடலாமா?

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எண்ணெயே இடாத ஒப்பீட்டுத் தட்டுகளிலும் 25க்கு 14, 15 விதைகள்தான் முளைத்தன. விதை பழையதாகிவிட்டதோ?

பச்சையம்

வாழ்த்துகள்! இப்படிப்பட்ட ஆய்வுகள்தான் இன்று தேவை. மண்ணை நஞ்சாக்கும் ரசாயனத்துக்கு மாற்று, செடிகளிடமே இருக்கிறது. தைலமரத்தடியில் புல் பூண்டு குறைவாக இருப்பதை யார்தான் பார்க்கவில்லை? கண்ணெதிரே இருக்கும் சான்று அது. தயங்காமல் எழுதுங்கள்.

வடிகலன்

தங்கை, வாழ்த்துவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். ஒப்பீட்டுத் தட்டுகளை எண்ணெய்த் தட்டுகளின் பக்கத்திலேயே வைத்தீர்களா?

நீங்கள் "உறுத்தல்" என்று கடைசியில் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் பதிவிலேயே முக்கியமானது. விதை பழையதாக இருக்கலாம். எனக்கென்னவோ வேறு சந்தேகம்.

நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது இதே பிழையில் எட்டு மாதங்களைத் தொலைத்தேன். என் ஒப்பீட்டுத் தட்டுகள் ஒரு முறை நன்றாக முளைக்கும், மறு முறை பாதிதான் முளைக்கும். விதையை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், வடிதாளைக்கூட மாற்றினேன். ஒரு நாள் பெட்டியின் கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. தினமும் அடித்துக்கொண்டிருந்த வாசனைதான், அன்றுதான் உறைத்தது. எனக்கு வாசம் வருகிறதென்றால், பக்கத்துத் தட்டில் இருக்கும் விதைக்கும் அது போய்ச் சேர்ந்துகொண்டுதானே இருக்கும்?

உடனே எந்தத் தட்டு எங்கே இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து, முளைத்த எண்ணிக்கையை அதனதன் இடத்தில் குறித்தேன். எண்ணெய்த் தட்டுகளை ஒட்டியிருந்த ஒப்பீட்டுத் தட்டுகளில் முளைப்பு குறைவு. தள்ளிப்போகப் போக அதிகம். முளைக்காத விதைகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். செத்த விதைகள் அல்ல அவை. உறை வெடித்து, முளைவேர் ஒரு மில்லிமீட்டர் நீட்டி, நுனி பழுப்பேறி அப்படியே நின்றுபோயிருந்தது. எண்ணெய் ஒரு துளிகூட இடாத தட்டில்.

ஆகவே முதல் வேலை: ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பெட்டி, முடிந்தால் தனி அறை. இரண்டாவது: தட்டைச் சுற்றி ஒட்டும் மெழுகு நாடாவை நம்பாதீர்கள், ஆவி அதைத் தாண்டும். மூன்றாவது: பிளாஸ்டிக் தட்டுகளை விட்டுக் கண்ணாடித் தட்டுக்கு மாறுங்கள். பல வாசனை எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன், தட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைக்கும். மூடியின் உட்பக்கம் பனி படிந்தாற்போல் மங்கியிருந்தால், உங்கள் எண்ணெயில் ஒரு பகுதி விதைக்குப் போகாமல் மூடிக்குள் போய்விட்டது என்று பொருள்.

முளைவேர்

அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்தாறு மூடிகளில் வட்டம் வட்டமாக மங்கல் இருக்கிறது. நீராவி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்தும் போகவில்லை.

தட்டுகள் அடுக்கடுக்காக, ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் இருந்தன. ஒப்பீட்டுத் தட்டுகள் நடுவில்.

செல்சுவர்

அடுக்கியிருந்தால் வடிகலன் சொல்வதுதான் நடந்திருக்கும்.

இதில் மனம் தளர ஒன்றுமில்லை. ஆவியாகவே போய் வேரை நிறுத்துகிறது என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான், தனியாக அளந்தால். எலுமிச்சைப்புல் எண்ணெயின் சிட்ரால் அப்படித்தான் ஆராயப்பட்டது. அதன் ஆவி பட்டாலே செடிச் செல்களுக்குள் சாரம்போல் இருக்கும் நுண்குழல்கள் சிதைந்துபோகின்றன, பக்கத்திலேயே இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. நுண்குழல் இல்லையென்றால் செல் பிரிய முடியாது. வேர் நுனி நீள முடியாது. இப்படி ஓர் இலக்கைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறபோது அந்த எண்ணெயின்மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

கோரைமேடு

நான் வயல் சோதனைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தட்டில் முளைக்காத விதையைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தெளித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கிராம்பு எண்ணெயை நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்து, இரண்டு மூன்று இலை விட்ட களைக் கன்றுகள்மேல் வெயிலில் தெளித்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் இலையில் ஈரம் ஊறினாற்போல் கரும்பச்சைத் திட்டுகள் தோன்றும். கொதிநீர் பட்ட கீரையின் நிறம் அது. மாலைக்குள் இலை துவண்டு, மறுநாள் காகிதமாகக் காய்ந்துவிடும். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 25 எண்ணெய்களை ஒப்பிட்டார்கள். தைம், சேவரி, இலவங்கப்பட்டை, கிராம்பு ஆகியவையே மிகக் கடுமையாக இருந்தன. 5 முதல் 10 விழுக்காட்டுத் தெளிப்பில் ஒரு மணி முதல் ஒரு நாளுக்குள் தண்டும் இலையும் கருகின. இலவங்கப்பட்டை எண்ணெயில் அந்த வேலையைச் செய்தது யூஜினால் என்ற சேர்மம் என்றும் பிரித்துக் காட்டினார்கள்.

ஆனால் பத்து நாள் கழித்து அதே இடத்துக்குப் போக வேண்டும். கோரை இருந்த இடத்தில் புதுக் குருத்து ஈட்டிபோல் நிற்கும். அருகம்புல் கணுவுக்குக் கணு துளிர்த்திருக்கும். எண்ணெய் பட்ட இடத்தைச் சுட்டதே தவிர, செடிக்குள் ஊர்ந்து கிழங்குக்குப் போகவில்லை. ஒரு பருவக் களைகளில்கூட நான்கைந்து இலை தாண்டிவிட்டால் அடிக்கணுவிலிருந்து தழைத்துவிடுகிறது.

கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் தெளிப்பு நீர், அதில் பத்து விழுக்காடு எண்ணெய் என்றால் 50 லிட்டர் எண்ணெய். பச்சை இலையில் நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஐந்து டன் இலை. மீசோட்ரையோன் என்ற செயற்கைக் களைக்கொல்லி ஒரு ஹெக்டேருக்கு 100 முதல் 200 கிராம் போதும். ஒரு வயலின் களையை ஒடுக்க இன்னொரு வயல் முழுக்க நறுமணச் செடி வளர்க்க வேண்டியிருக்கும். பச்சையம், கோபப்படாதீர்கள். தெளிப்பானைத் தோளில் சுமந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பச்சையம்

கோபமில்லை, வருத்தம்தான். அப்படியானால் இயற்கையில் செடிக்குச் செடி நடத்தும் போரெல்லாம் கட்டுக்கதையா? கலிபோர்னியாவில் சால்வியா என்ற நறுமணப் புதர்களைச் சுற்றி வெற்று நிலம் வளையமாகக் கிடப்பதை 1964இல் சயன்ஸ் இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். இலையிலிருந்து வெளிவரும் சினியோலும் கற்பூரமும் பக்கத்துப் புல்லை வளரவிடவில்லை என்று. அதே சினியோல்தான் முளைவேர் அவர்களின் எண்ணெயிலும் இருக்கிறது.

செல்சுவர்

நல்ல எடுத்துக்காட்டு. அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும்.

முல்லரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய அந்தக் கட்டுரை பெரும் புகழ் பெற்றது. புதரைச் சுற்றிய வெற்று வளையத்தின் வானூர்திப் படம் பாடநூல்களில்கூட இடம்பிடித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1970இல், பார்த்தலோமியூ என்பவர் அதே சயன்ஸ் இதழில் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். வெற்று வளையத்தின்மேல் கம்பிவலைக் கூண்டு வைத்தார். எலி, முயல், பறவை உள்ளே நுழைய முடியாது. புதரின் வாசனைக்குத் தடையில்லை. கூண்டுக்குள் புல்லும் செடியும் வளர்ந்தன. புதருக்குள் பதுங்கி வாழும் சிறு பிராணிகள் பகை விலங்குக்கு அஞ்சி அதிக தூரம் போகாமல், புதரோரத்துப் பயிர்பச்சையையே மேய்ந்து தீர்த்திருந்தன.

சினியோலும் கற்பூரமும் தட்டில் வேரைத் தடுப்பது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. வெளியில் அந்த வளையத்தை உண்டாக்க மேய்ச்சலே போதுமானதாக இருந்தது. தைலமரத்தடியிலும் நிழல் இருக்கிறது, நீரை உறிஞ்சும் வேர் இருக்கிறது, தடிமனாக விழுந்துகிடக்கும் சருகு இருக்கிறது. எதனால் புல் இல்லை என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது.

வடிகலன்

பார்த்தவுடன் சொல்ல முடியாது என்பது சரி. பார்ப்பதை விட்டுவிடவும் கூடாது என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை.

1977இல், கலிபோர்னியாவில், பாட்டில் பிரஷ் மரத்தடியில் களைகள் அதிகம் இல்லை என்பதை ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர் கவனித்தார். சிவப்புக் குச்சித் தூரிகைபோல் பூக்குமே, அந்த மரம்தான். மரத்தடி மண்ணையும் செடியையும் வடித்துப் பிரித்ததில் கிடைத்தது லெப்டோஸ்பெர்மோன். அதன் வீரியம் சுமார்தான். ஆனால் அது பட்ட கன்று கருகவில்லை. புதிதாக விட்ட இலைகள் வெள்ளை வெளேரென்று வந்தன. அந்த வெண்மையைப் பிடித்துக்கொண்டுதான் வேதியியலாளர்கள் மூலக்கூறின் உறுப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கோரைமேடு சொன்னாரே மீசோட்ரையோன், அது அந்த வழியில் வந்ததுதான். 2001இல் விற்பனைக்கு வந்தது.

ஏன் வெளுக்கிறது என்றால், ஹெச்பிபிடி என்ற நொதி முடங்குகிறது. அது முடங்கினால் பிளாஸ்டோகுவினோன் உண்டாகாது. அது இல்லாவிட்டால் கரோட்டினாய்டு நிறமிகள் உருவாகா. கரோட்டினாய்டுகளின் காவல் இல்லாத பச்சையத்தை வெயிலே அழித்துவிடும். இதே நொதி மனித உடலிலும் இருக்கிறது. அதே குடும்பத்தில் பிறந்த நிட்டிசினோன், டைரோசினீமியா என்ற பிறவி நோயுள்ள குழந்தைகளுக்கு இன்று உயிர்காக்கும் மருந்து. ஒரு மரத்தடியில் களை குறைவாக இருந்ததை ஒருவர் கவனித்ததில் தொடங்கியது இது.

கோரைமேடு தம்பி, உங்கள் 50 லிட்டர் கணக்கு சரியானது. கருக்கிக் கொல்லும் எண்ணெய்க்கு அது பொருந்தும். எண்ணெய்க்குள் ஒரு குறிப்பிட்ட நொதியைத் தாக்கும் மூலக்கூறு ஒளிந்திருந்தால் கணக்கு மாறிவிடும். மானுகா என்ற செடியின் எண்ணெயில் லெப்டோஸ்பெர்மோன் இருக்கிறது. அந்த எண்ணெய் மண்ணில் இட்டாலும் முளைக்கும் களையைத் தடுக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். கிராம்பு எண்ணெயால் அது முடியாது. எண்ணெய்க்கு எண்ணெய் ஒன்றில்லை.

கோரைமேடு

ஒப்புக்கொள்கிறேன், அக்கா. நான் கருக்கும் எண்ணெய்களை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசிவிட்டேன். வெளுப்பையும் கருகலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கே நல்ல பாடம். தெளித்த மறுநாளோடு குறிப்பேட்டை மூடிவிட்டால் வெளுப்பு கண்ணில் படவே படாது; புது இலை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முளைவேர்

ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். அப்படியானால் என் எண்ணெயில் பாதி சினியோல் இருப்பதால் மட்டும் அதுதான் காரணம் என்று சொல்லக் கூடாது, சரியா? எதை வைத்துச் சொல்வது?

வடிகலன்

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அதிகமாக இருப்பது வேறு, வேலை செய்வது வேறு.

முதலில் அறிக்கையையே கொஞ்சம் சந்தேகியுங்கள். மோனோடெர்பீன்கள் (வாசனை எண்ணெய்களில் மிகுந்திருக்கும் சிறு மூலக்கூறுகள்) பலவற்றுக்கு ஜிசி-எம்எஸ் காட்டும் நிறை நிறமாலைகள் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். கணினி நூலகம் "90 விழுக்காடு பொருத்தம்" என்று ஒரு பெயரை நீட்டினால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். ஆல்கேன் என்ற ஹைட்ரோகார்பன்களின் வரிசையை அதே நிலைமையில் ஓட்டி, ஒவ்வொரு சேர்மமும் கருவியைவிட்டு வெளிவரும் நேரத்தை அவற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் தக்கவைப்புக் குறியெண்ணைக் கணக்கிட்டுச் சரிபாருங்கள். முக்கியமான நாலைந்துக்காவது தூய சேர்மம் வாங்கி, பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அறிக்கையில் உள்ள விழுக்காடு முகட்டின் பரப்பு, எடை அல்ல. 43இல் 30 பெயர்களை "தற்காலிக அடையாளம்" என்று எழுதினால் வெட்கம் ஒன்றுமில்லை.

பிறகு தூய 1,8-சினியோலை, உங்கள் எண்ணெயில் எவ்வளவு இருக்கிறதோ அதே அளவு, தனியாக இட்டுப் பாருங்கள். எண்ணெய்க்கு நிகராகத் தடுத்தால் வழக்கு முடிந்தது. தடுக்காவிட்டால்தான் ஆய்வு சுவையாகிறது. முக்கியச் சேர்மங்களை அதே விகிதத்தில் நீங்களே கலந்து ஒரு செயற்கை எண்ணெய் செய்யுங்கள். பின் ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் கலந்து பாருங்கள். எதை விட்டபோது வீரியம் விழுகிறதோ, அதைத் துரத்துங்கள். முழுக் கலவையும் எண்ணெயளவு வேலை செய்யவில்லையா? அறிக்கையின் அடியில் அரை விழுக்காட்டோடு கிடக்கும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது. சிலிக்கா தூள் நிரப்பிய குழாயில் (பத்தி) எண்ணெயை ஊற்றிப் பிரித்து, பகுதி பகுதியாக விதையிடமே கேளுங்கள்.

லிமோனீன், கார்வோன் போன்றவை இருந்தால் இடக்கை வலக்கை வடிவங்களையும் பாருங்கள். பெயர் ஒன்று, மூலக்கூறு கண்ணாடிப் பிம்பம். வாசனையே வேறு: ஒரு கார்வோன் புதினா, மற்றது சீமைச்சோம்பு. வேர் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

செல்சுவர்

சினியோலைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். 1,8-சினியோலுக்கு 1,4-சினியோல் என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. அணுக்கள் அதே எண்ணிக்கை. ஆக்சிஜன் பாலம் மட்டும் வேறு இடத்தில். 2000இல் வந்த ஆய்வில், 1,8 செல்பிரிவின் எல்லா நிலைகளையும் கடுமையாகக் குறைத்தது; 1,4 முதல் நிலையை மட்டும் குறைத்தது.

இந்த 1,4-சினியோலின் எலும்புக்கூட்டை வைத்துத்தான் 1980களில் சின்மெத்திலின் என்ற களைக்கொல்லியைச் செய்தார்கள். நெல்லில் பயன்பட்டது, பின்னர் ஓரங்கட்டப்பட்டது. பழைய மருந்துகளுக்கு மசியாத களைகள் பெருகியபோது மறுபடி எடுத்துத் தூசு தட்டினார்கள். அது செல்லுக்குள் எதைத் தாக்குகிறது என்று 2018இல்தான் சொன்னார்கள்: கொழுப்பு அமிலத்தை விடுவிக்கும் தயோஎஸ்டரேஸ் நொதி. எண்ணெயில் பிறந்த ஒரு மூலக்கூறு, அதுவரை வேறு களைக்கொல்லிகள் தொடாத ஒரு கதவைத் தட்டியிருக்கிறது. களைகள் எதிர்ப்பை வளர்த்துக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் எனக்கு வாசனை எண்ணெய்களில் ஆர்வம் இதனால்தான்.

உங்களிடம் கடத்துதிறன் மானி இருந்தால் ஒரு சோதனை: களை இலையில் வட்டம் வட்டமாக வெட்டி, எண்ணெய் கலந்த நீரில் மிதக்கவிட்டு, மணிக்கொருமுறை நீரின் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். முதல் சில மணி நேரத்திலேயே விறுவிறுவென்று ஏறினால் சவ்வு கிழிந்து உப்பு வெளியே கொட்டுகிறது. கருக்கும் வகை. ஏறாமலே செடி நலிந்தால் உள்ளே வேறு ஏதோ நடக்கிறது.

பச்சையம்

நிறையக் கற்றுக்கொண்டேன். ஒன்றில் மட்டும் என் கருத்து மாறவில்லை: செடியிலிருந்து வந்தது, நாளடைவில் மக்கிப்போவது, செயற்கை மருந்தைவிடப் பாதுகாப்பாகத்தானே இருக்கும்?

கோரைமேடு

விரைவில் ஆவியாகி மறைவது உண்மை, அது நல்ல குணம். பாதுகாப்பு என்பதை அதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். பத்து விழுக்காட்டுக் கிராம்பு எண்ணெய் கண்ணில் தெறித்து, அரை மணி நேரம் குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறேன். லிமோனீன் காற்றுபட்டுப் பழசானால் உண்டாகும் ஹைட்ரோபெராக்சைடுகள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். சுமார் 48 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியையும் விடும். பயிரையும் களையையும் இந்த எண்ணெய்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. எதன்மேல் படுகிறதோ அதைச் சுடும்.

அமெரிக்காவில் கிராம்பு, எலுமிச்சைப்புல், புதினா எண்ணெய்களைக் குறைந்த அபாயப் பட்டியலில் வைத்து, பிற களைக்கொல்லிகளுக்குக் கட்டாயமான முழுப் பதிவிலிருந்து விலக்களித்திருக்கிறார்கள். அது வேலை செய்யும் என்ற சான்றிதழ் ஆகாது. பலர் அப்படி எண்ணி ஏமாறுகிறார்கள். நடைபாதை, கல் இடுக்கு, வரிசைகளுக்கு நடுவே இரண்டு இலைக் கன்றுகள் என்றால் நானே எண்ணெயைத்தான் எடுப்பேன்.

முளைவேர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கண்ணாடித் தட்டுகள், ஒவ்வொரு அளவுக்கும் மூடியுள்ள தனிப் பெட்டி, ஒப்பீட்டுத் தட்டுகள் அடுத்த அறையில். அதே பழைய விதைகள். ஒப்பீட்டில் 25க்கு 23, 24, 24, 23. விதைமேல் பழி போட்டதற்கு வெட்கமாக இருக்கிறது.

எண்ணெயின் முடிவும் மாறியது. உச்ச அளவில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. அதற்கடுத்ததில் சிலவே முளைத்தன. மூன்றாவதில் ஏறக்குறைய பாதி. நான்காவது ஒப்பீட்டைப் போலவே. முன்பு மேல் மூன்றுமே சுத்தமாக நின்றுபோனது ஒரே பெட்டிக்குள் எல்லா ஆவியும் சேர்ந்ததால்தான் போலிருக்கிறது. இப்போது அளவுக்கு ஏற்ற வளைகோடு ஒன்று வருகிறது. பாதி முளைப்பைத் தடுக்கும் அளவைக் கணக்கிட முடிகிறது.

தூய 1,8-சினியோலை எண்ணெயில் இருக்கும் அளவுக்கே இட்டேன். வேர் சற்றுக் குட்டையானது. முளைப்பு குறையவே இல்லை.

இன்னொன்று. இரண்டாவது அளவில் தப்பிப் பிழைத்த கன்றுகளைத் தூக்கியெறியாமல் மண்ணில் நட்டு வைத்தேன். கோரைமேடு அண்ணன் சொன்னபடி காத்திருந்தேன். அவற்றில் இரண்டின் மூன்றாம் இலை, காம்புப் பக்கம், வெளிறியிருக்கிறது. நரம்பு மட்டும் பச்சை. பெரிதாக எண்ணிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

செல்சுவர்

இரண்டு கன்றுகளை வைத்து ஒன்றும் சொல்லாதீர்கள். இரும்புச் சத்துக் குறைந்தாலும் இளம் இலையில் நரம்பு பச்சையாக, நடுப்பகுதி வெளிறித்தான் இருக்கும். ஒப்பீட்டுக் கன்றுகளையும் அதே மண்ணில் நட்டு, இருபது இருபதாக மறுபடி செய்யுங்கள். மறுபடியும் வந்தால் உடனே இங்கே எழுதுங்கள், நள்ளிரவாக இருந்தாலும் சரி.

வடிகலன்

சினியோல் இல்லை என்று தெரிந்துவிட்டது. இது பெரிய முன்னேற்றம், தங்கை. இனிப் பத்தியில் பிரிக்கும் வேலை. பிரித்த பகுதிகளிலிருந்து கரைப்பானை ஓட்டும்போது சூடேற்றி வெற்றிடத்தில் இழுத்துவிடாதீர்கள். பென்டேன் பயன்படுத்துங்கள், 36 டிகிரியில் கொதித்துவிடும். ஒவ்வொரு பகுதியையும் சோதிக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பகுதிகளையும் மீண்டும் ஒன்றாகக் கலந்து, முழு எண்ணெயின் வீரியம் திரும்பி வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால் வேண்டிய சேர்மம் பத்தியிலேயே தங்கிவிட்டது, அல்லது காற்றோடு போய்விட்டது. அந்த ஒரு தட்டை வைக்காமல் மேலே போகாதீர்கள்.

முளைவேர்

பென்டேனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அக்கா. நாற்பது கன்றுகளும் இன்று காலை மண்ணுக்குப் போய்விட்டன.